ஐந்தாவது சுற்றில் விசில்

ஐந்தாவது சுற்றில் கயல் மறுபடியும் நின்றுவிட்டாள்.

நாலு சுற்று வரைக்கும் குற்றம் சொல்ல ஆளில்லை. மலைப்பக்கமிருந்து அடிக்கிற மேல்காற்றை நெஞ்சால் தள்ளிக்கொண்டு, சடை முதுகில் துள்ள, அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஓடுகிற அழகைப் பார்க்க வாய்க்கால் மேட்டில் மாடு மேய்க்கிறவர்கள்கூட நின்றுவிடுவார்கள். ஐந்தாவது சுற்றில் கொடிக்கம்பத்தைத் தாண்டியதும்தான் வினை. படக்கென்று நின்று, முழங்காலில் கையை ஊன்றிக்கொள்வாள்.

கூடவே ஓடிவந்த உடற்கல்வி ஆசிரியர் சுரேஷ்கண்ணனும் நின்றார்.

கோம்பையடிப்பட்டி அரசு உயர்நிலைப் பள்ளியின் மைதானம் சுற்றுக்கு இருநூறு மீட்டர். ஆயிரத்து ஐநூறு மீட்டர் ஓட ஏழரைச் சுற்று வர வேண்டும். மற்ற ஊர்ப் பி.டி. வாத்தியார்கள் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஓடு, ஓடு" என்று கத்துவார்கள். சுரேஷ்கண்ணன் அந்த ரகம் இல்லை. பிள்ளை ஓடினால் அவரும் கோட்டுக்கு உள்பக்கமாகக் கூடவே ஓடுவார். "பிள்ளை நிக்காம வாத்தியார் நிக்கக் கூடாது" என்பது அவர் வேதம். இருபத்தெட்டு வருட வேதம். வயது ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது, தொப்பையும் சட்டைப் பொத்தானோடு தகராறு செய்கிறது, ஆனால் வேதத்தை யாராவது திருத்துவார்களா? போன வருடம் தலைமையாசிரியை, "சார், ஓட்டத்தை மட்டும் யாராவது சின்னவுககிட்ட விட்டுறலாமே" என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு, ஒரு மாதம் ஆசிரியர் அறையில் சாப்பிடாமல் மைதானத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர். அந்தக் கோபம் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும்.

இப்போது அவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஆமாம், வருகிறது. ஈ... ஈ... என்று சன்னமாக ஒரு விசில். குக்கர் கூவுவதற்கு முன்னால் இழுக்குமே, அந்த மாதிரி.

"ஆத்தா கயலு, நெஞ்சு இறுக்குதா?"

"இல்ல சார். நீங்க உக்காருங்க. தண்ணி குடிக்கிறீகளா?"

"எனக்கு எதுக்குத் தண்ணி? ஓடுனவ நீ, நீ குடி."

கோட்டோரம் கடிகாரத்தோடு நின்றிருந்த திரிஷா ஓடி வந்தாள். கயலின் கூட்டாளி. வாயை வாடகைக்கு விட்டால்கூட வட்டியோடு திரும்பி வந்துவிடும், அப்படி ஒரு வாயாடி.

"சார், ஒண்ணு சொல்லவா?"

"நீ வாய மூடிக்கிட்டு டைமைச் சொல்லு."

கயல் திரிஷாவை ஒரு முறை முறைத்தாள். திரிஷா டைமைச் சொன்னாள்.

தேனியில் விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் பத்தே நாள் இருந்தது. தேர்வாகிவிட்டால் விடுதியில் தங்கிப் படிக்கலாம், ஓடலாம். இல்லையென்றால் என்ன என்பதைக் கயலின் அம்மா சங்கிலியம்மாள் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "எடம் கெடச்சாப் படிக்கட்டும். கெடைக்கலேன்னா பத்தாவதோட போதும், எங்கூடத் திராட்சைத் தோட்டத்துக்குக் கவாத்து வெட்ட வரட்டும்." குறுவட்டப் போட்டியிலும் இப்படித்தான் முதலில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை, சுரேஷ்கண்ணன் கயிற்றோரமாகக் கூடவே ஓடித் தைரியம் சொல்லச் சொல்ல, பாதியில் நின்று ஐந்தாவதாக வந்தது. இந்தத் தேர்விலும் நின்றுவிட்டால் அவ்வளவுதான். காலுக்குக் குறை இல்லை, மூச்சுக்குத்தான் குறை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அந்தக் குறையை எப்படியாவது தீர்த்துவிட வேண்டும்.

நல்லவேளையாக அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் விஜி சிஸ்டர் வந்தார். வளரிளம் பருவ நலத் திட்டத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு முகாம். உயரம், எடை, ரத்தசோகைக்கு மாத்திரை. இந்த வருடம் புதிதாக ஆஸ்துமாப் பரிசோதனையும் உண்டு. பள்ளியில் ஓர் ஆசிரியர் பொறுப்பெடுக்க வேண்டும் என்று கேட்டதும், சாதாரணமாக எந்தப் பொறுப்புக்கும் வயிற்றுவலி வந்துவிடும் சுரேஷ்கண்ணன் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார்.

"சிஸ்டர், என் பிள்ளை ஒண்ணுக்கு வீசிங் இருக்கு. ஓடுறப்ப நெஞ்சு விசிலடிக்குது. ஆனா இல்லேங்குது."

"சத்தத்தை முடிஞ்சா போன்ல பிடிங்க சார். டாக்டருகிட்டப் போட்டுக் காட்டுவோம்."

மறுநாள் காலையில் சுரேஷ்கண்ணன் சுண்ணாம்புப் பவுடரால் மைதானத்துக்குக் கோடு போட்டுவிட்டு, தூசியைத் தட்டி இருமிவிட்டு, கயலோடு ஓடினார். வழக்கமான "கைய வீசு, தலையத் தூக்கு" எதுவும் இல்லை. வாயே திறக்காமல், தனக்கும் அவளுக்கும் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டே ஓடினார். ஐந்தாவது சுற்றில் கயல் நின்றாள். போனில் விசில் அட்டகாசமாகப் பதிந்திருந்தது.

சுகாதார நிலையத்து டாக்டர் சூரியபிரகாஷ் சின்ன வயசுக்காரர். போனைக் காதில் வைத்து இரண்டு தடவை கேட்டார். முகம் மாறிவிட்டது.

"இது வீசிங்தான் சார், சந்தேகமே இல்ல. இப்படியே ஓடிக்கிட்டிருந்தா ஒரு நாள் ஆபத்து. முகாம் அன்னைக்கு இந்த ஆளை எப்படியாவது பிடிச்சுட்டு வந்துருங்க. ஊதிப் பார்த்துட்டு மருந்து ஆரம்பிச்சுரலாம். மருந்து எடுத்துக்கிட்டு ஓடட்டும், ஒண்ணும் செய்யாது."

"ஓடலாமா?"

"ஏன் ஓடக்கூடாது? சரியா மருந்து எடுத்தா நல்லாவே ஓடலாம்."

சுரேஷ்கண்ணனுக்கு அங்கேயே ஒரு குட்டிக்கரணம் போடலாம் போலிருந்தது.

விஜி சிஸ்டரும் தன் பங்குக்கு ஒரு சாட்சியம் கொண்டுவந்தார். "உங்க கயலு நேத்துக் குழாயடியில வச்சு ஏங்கிட்டக் கேட்டுச்சு சார். 'வீசிங் இருக்கவுகளுக்கு ஓடுறப்ப வந்துருச்சுன்னா என்னக்கா செய்யணும், நின்னுட்டாச் சரியாயிருமா'ன்னு. உடனே நிக்கணும், நிமிந்து உக்காரணும்னு சொன்னேன்."

"பாத்தீகளா! எப்பக் கேட்டாலும் இல்லவே இல்லேன்னு சாதிச்சவ!"

ஆனால் கயலைத் தனியாகக் கூப்பிட்டு ஊத வைப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. ஊருக்குள் இன்ஹேலர் என்றால் சாகப்போகிறவர்கள் வாயில் வைப்பது என்று நினைப்பு. கயலுக்கு மட்டும் பரிசோதனை என்று தெரிந்தால் சங்கிலியம்மாள் அரிவாளோடு வந்துவிடுவாள். அதனால் எல்லோரையும் சேர்த்துக் கூப்பிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகக் கயலையும் ஊத வைத்துவிடுவது என்று திட்டம் போட்டார். திட்டம் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தார்.

"யாருக்கெல்லாம் இளைப்பு, வீசிங், மூச்சு முட்டுறது இருக்கு? வெக்கப்படாம கையத் தூக்குங்க."

இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளில் ஒரு கைகூட எழவில்லை. ஒன்பதாம் வகுப்புக் கபடி கேப்டன் பாண்டீஸ்வரன், தொங்கிக்கொண்டிருந்த கையையும் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

பிள்ளைகளுக்குப் பயம், ஆசை காட்டினால் வருவார்கள் என்று சுரேஷ்கண்ணனுக்குத் தோன்றியது. தோன்றியதை உடனே சொல்லிவிட்டார்.

"வீசிங் இருக்க பிள்ளைக முகாம் முடியிற வரைக்கும் காலையில டிரில் பண்ண வேணாம். உக்காந்துக்கிரலாம்."

எண்பத்து மூன்று கைகள் எழுந்தன. சில பேர் இரண்டு கையையும் தூக்கினார்கள். வாலிபால் அணி மொத்தமும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமியது. சத்துணவு வரிசையில் மூன்று தடவை வந்து நிற்கிற ஒருவன் மூச்சு முட்டித் தரையிலேயே படுத்துவிட்டான்.

கயல் மட்டும் கையைத் தூக்கவில்லை.

"சார், ஒண்ணு சொல்லவா?" என்றாள் திரிஷா.

"ஏத்தா, வரிசையில நில்லு!"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மத்தியானத்துக்குள் குரங்கு ஊருக்குள் இறங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எண்பத்து மூன்று பிள்ளைகளுக்கு மூச்சு முட்டுகிறதாம் என்று டீக்கடையில் செய்தி வந்தது. சாயங்காலம் வாசலில் ஊரே நின்றது.

"தண்ணித் தொட்டியில மருந்து கலந்துட்டாகளாம்!"

"தண்ணி இல்லப்பா. பொட்டிப்புரத்து மலையக் குடைஞ்சு ஆராய்ச்சிக்கூடம் கட்டப் போறாகன்னு பேச்சு வந்துச்சுல்ல, அந்தத் தூசிதான்" என்றார் சின்னக்கருப்பு. விஷயம் தெரிந்தவர் என்று தனக்குத் தானே பெயர் எடுத்தவர்.

"மலைய இன்னும் குடையவே இல்லியே மாமா."

"குடையறதுக்கு முந்தியே இந்தப் பாடுன்னா, குடைஞ்சா என்னாகும்னு யோசிச்சுப் பாரு!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சங்கிலியம்மாள் வந்தாள். தலையில் சும்மாடு, இடுப்பில் கவாத்துக் கத்திரி.

"வாத்தியாரே! எம் மகளுக்கு இளைப்புன்னு நீங்கதான் சொல்லிக்கிட்டுத் திரியிறீகளா? தேர்வுக்காரவுக காதுல விழுந்தா அவளைச் சேப்பாகளா?"

"நான் அப்படிச் சொல்லலம்மா..."

"எம் மக ஒத்த மூச்சுல மலைக்கரடு ஏறி எனக்குச் சோறு கொண்டாந்து குடுக்குறவ. அவளுக்கு இளைப்பாம்ல!"

தலைமையாசிரியை சுரேஷ்கண்ணனைப் பார்த்த பார்வையில் இன்னொரு மாதச் சாப்பாடும் மைதானத்துக்குப் போய்விடும் போலிருந்தது. "சார், நீங்க கிளப்புனது. நீங்களே அணைங்க" என்று மட்டும் சொன்னார்.

அவர் அணைக்கிற விதமாக ஒன்று யோசித்தார். முகாமில் முதலில் பெற்றோர்கள் ஊதிக் காட்டட்டும். பெரியவர்கள் ஊதினால் பிள்ளைகளுக்குப் பயம் போய்விடும், கயலும் ஊதிவிடுவாள். விஜி சிஸ்டருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. ஆக, அப்பாக்கள் கட்டாயம் வர வேண்டும் என்று தண்டோரா போடாத குறையாகச் சொல்லி அனுப்பினார்கள்.

முகாம் அன்று அப்பாக்கள் வந்தார்கள். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, வரிசையில் ஒழுங்காக நின்றார்கள். முதல் ஆள் சின்னக்கருப்பு. விஜி சிஸ்டர் ஒரு வெள்ளைக் குழாயை நீட்டினார். மேலே முள், பக்கத்தில் எண்கள்.

"நல்லா மூச்ச இழுத்து, வாய வச்சு, ஒரே ஊதா ஊதுங்க."

சின்னக்கருப்பு குழாயைப் பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார். கம்பம் ரோட்டில் வண்டியை மறித்து இதே வார்த்தையைச் சொல்லி இதே மாதிரி ஒன்றை நீட்டியவர்களின் ஞாபகம் அவருக்கு வந்துவிட்டது.

"இதுல என்னம்மா காட்டும்?"

"நம்பர் காட்டும். நம்பர் சரியில்லேன்னா இங்கனயே உக்கார வச்சிருவோம்."

"நேத்துச் சாயங்காலம் குடிச்சது இன்னைக்குக் காட்டுமா?"

அவர் ஏதோ இருமல் மருந்து குடித்திருக்கிறார் என்று நினைத்த சிஸ்டர், "என்ன குடிச்சிருந்தாலும் டாக்டருகிட்ட மறைக்காமச் சொல்லிருங்க, எழுதிக்கிருவாரு" என்றார் அன்பாக.

சின்னக்கருப்பு திரும்பி வரிசைக்கு ஒரு கண் ஜாடைதான் காட்டினார். அடுத்த நிமிடம் அங்கே வரிசை இல்லை. கழிப்பறைப் பக்கத்துச் சுவரில் நாற்பது வெள்ளை வேட்டிகள் ஏறி இறங்கின. நாற்பது பேருக்கும் மூச்சு நன்றாகவே இருக்கிறது என்று டாக்டர் சூரியபிரகாஷ் ஜன்னல் வழியாகவே கண்டுகொண்டார்.

மிஞ்சியது அம்மாக்கள். சங்கிலியம்மாள் முன்னால் வந்து குழாயை வாங்கி ஒரு ஊது ஊதினாள். முள் மேலே போய் முட்டி நின்றது.

"நாள் பூரா மேஸ்திரிகூடக் கத்துறவ நான். இதென்ன பெரிய ஊது" என்றாள்.

அது வேலை செய்தது. சங்கிலியம்மாளின் எண்ணை முந்துவதே பெருமை என்று ஆகிவிட்டது. பிள்ளைகள் முண்டியடித்தார்கள். பொய்யாக இருமிய எண்பத்து மூன்று பேரும் இருமலை மறந்து, கன்னம் உப்ப, கண் பிதுங்க ஊதினார்கள். யார் வீட்டுப் பிள்ளை எவ்வளவு என்று அம்மாக்கள் உரக்கச் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த ஆரவாரத்தில்தான் பாண்டீஸ்வரன் ஊதினான். மலை மாதிரி உடம்பு. முள் பாதிகூட ஏறவில்லை. யாரும் சிரிக்கும் முன்னால் டாக்டர் அவனை உள்ளே கூட்டிப் போய், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு, ஒரு பிளாஸ்டிக் குடுவை வழியாக மருந்தை இழுக்க வைத்தார். கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னார். முள் எகிறியது. அதைவிட அவன் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

"ஏலே..." என்றான், பக்கத்தில் நின்ற பையனிடம், சன்னமான குரலில். "ஒனக்கெல்லாம் மூச்சு எப்பவுமே இப்படித்தான் லேசா இருக்குமாடா?"

சுரேஷ்கண்ணனுக்குச் சுருக்கென்றது. பாடிப் போனால் நாலு எட்டில் திரும்பி வருகிறான் என்று இரண்டு வருடமாக அவனைச் சோம்பேறி என்று திட்டியவர் அவர். அவன் தலையில் கையை வைத்தார். மன்னிப்புக் கேட்க நினைத்து, வராமல், "நாளைக்குக் கபடிக்கு வந்துர்றா" என்றார். கண் கலங்கியதை யாரும் பார்க்காமல் துடைத்துக்கொண்டார்.

அன்று ஏழு பிள்ளைகள் அகப்பட்டார்கள். ஏழு பேருக்கும் இன்ஹேலர், எப்படி எடுப்பது என்று பயிற்சி, மாதாமாதம் பார்க்கச் சீட்டு. இன்ஹேலர் என்பது சாகிறவர்களுக்கு இல்லை, ஓடுகிறவர்களுக்கு என்று டாக்டர் அம்மாக்களுக்கு உட்கார்ந்து புரிய வைத்தார். சங்கிலியம்மாளும் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு கேட்டாள்.

எல்லாம் நடந்தது, நடக்க வேண்டியது மட்டும் நடக்கவில்லை. கயல் கடைசியில் வந்து நின்றாள். குழாயை வாங்க மாட்டேன் என்றாள்.

"உங்க அம்மாவே ஊதிருச்சு, ஒனக்கு என்னத்தா?"

"சார் மொதல்ல ஊதட்டும். அப்புறம் நான் ஊதுறேன்."

"நானா? நான் எதுக்கு?"

"நீங்க ஊதுனா ஊதுறேன்."

சுரேஷ்கண்ணன் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்துக் காட்டினார். "இருபத்தெட்டு வருஷமா நான் ஊதாத ஊதா? எங்க வீட்டுக்காரம்மா ஜோதிலட்சுமியக் கேட்டுப் பாரு. 'தூங்கையிலகூட விசில் ஊதுறீக'ங்கும். அப்படிப்பட்டவனுக்கு ஊதச் சொல்லிக் குடுக்கிறியா?"

விஜி சிஸ்டர் சிரித்தார். அம்மாக்கள் சிரித்தார்கள். கயல் சிரிக்கவில்லை.

"அப்ப நானும் ஊதல சார்."

"சார், ஒண்ணு சொல்லவா?"

"திரிஷா, நீ வெளிய போ!"

மணி ஒன்று. டாக்டருக்கு அடுத்த பள்ளிக்கூடம் காத்திருந்தது. ஜீப்பில் ஏறும்போது, "அந்த ரெக்கார்டிங் ஆளு எங்க சார்?" என்று கேட்டார்.

"பிடிவாதம் டாக்டர். கையக் காலப் பிடிச்சும் ஊத மாட்டேங்குது."

"பிடிவாதக்காரங்களாலதான் எங்களுக்குப் பயமே. புதன்கிழமையாவது ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைங்க. அதுவரைக்கும் அவசரப் பையை நீங்க பக்கத்துலயே வச்சுக்கங்க."

அவசரப் பை என்பது பள்ளிக்கூடத்துக்கென்று கொடுத்த நீலப்பை. உள்ளே ஓர் இன்ஹேலரும் குடுவையும். யாருக்காவது திடீரென்று மூச்சு முட்டினால் என்ன செய்வது என்று விஜி சிஸ்டர் சுரேஷ்கண்ணனுக்குக் கற்றுக்கொடுத்தார். குலுக்கணும், குடுவையில் மாட்டணும், ஒரு அழுத்து, நிதானமாக இழுத்து விடணும், கொஞ்சம் பொறுத்து அடுத்தது. அவர் மூன்று தடவை தப்பாகச் செய்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று கயல் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அடுத்த அழுத்துக்கு எவ்வளவு நேரம் பொறுக்கணும்?" என்று சந்தேகம் வேறு கேட்டாள்.

'கள்ளி' என்று நினைத்துக்கொண்டார் சுரேஷ்கண்ணன். 'ஊருக்கு முன்னாடி ஊத வெக்கம். ஒளிஞ்சு நின்னு படிச்சுக்கிருது. படிக்கட்டும்.'

புதன்கிழமையும் கயல் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. "நீங்களும் வாங்க சார், சேர்ந்து போவோம்" என்றாள். அவருக்கு மைதானத்தில் கோடு போடுகிற வேலை இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் தேனிக்கு பஸ் ஏறினார்கள். துணைக்கு ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று திரிஷா. மடியில் நீலப்பையோடு சுரேஷ்கண்ணன். உத்தமபாளையம் தாண்டியதும் முன்னால் ஒரு வைக்கோல் லாரி மாட்டிக்கொண்டது. பஸ்ஸே இருமியது. மற்றவர்கள் சின்னமனூரில் இருமலை நிறுத்திவிட்டார்கள். சுரேஷ்கண்ணன் வீரபாண்டி வரைக்கும் இருமினார்.

"ஜன்னல மூடிக்கங்க சார்" என்று கயல் எழுந்து வந்து மூடினாள்.

"என்னைய விடு. நீ தூசிய இழுக்காத. துண்ட மூக்குல கட்டு."

விளையாட்டு மைதானத்து வாசலில் காவலாளி மறித்தார்.

"ஓடுற பிள்ளைக மட்டும் உள்ள. பயிற்சியாளருக, பெத்தவுக எல்லாம் வெளிய."

"அய்யா, நான் கூட ஓடணும்."

காவலாளி அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நீங்களுமா தேர்வுக்கு வந்திருக்கீக?"

"அதில்லய்யா. நான் பக்கத்துல ஓடலேன்னா அந்தப் பிள்ளை பாதியில நின்னுரும்."

"நின்னா நிக்கட்டும். தள்ளிக்கங்க."

சுரேஷ்கண்ணனுக்கு உலகம் இருண்டது. பக்கத்தில் ஓடும்போதே நின்றுவிடுகிற பிள்ளை. இன்று தனியாக, நெஞ்சு இறுகி, கையில் மருந்தும் இல்லாமல், அந்தப் பெரிய மைதானத்தில் விழுந்தால் யார் தூக்குவார்கள்? கம்பிக்கதவின் இடுக்கில் முகத்தைப் பதித்துக்கொண்டு நின்றார்.

இது நானூறு மீட்டர் மைதானம். அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஊரில் ஐந்தாவது சுற்று என்றால் இங்கே மூன்றாவது சுற்றின் முதல் பாதி. அந்த இடம் பார்வையாளர் மேடைக்குப் பின்னால் மறைந்திருந்தது. கதவிலிருந்து தெரியவே தெரியாது.

துப்பாக்கி வெடித்தது. முதல் சுற்றில் கயல் நாலாவது. இரண்டாவது சுற்றில் இரண்டாவது. மூன்றாவது சுற்றில் முதல் ஆளாக மேடைக்குப் பின்னால் போய் மறைந்தாள்.

சுரேஷ்கண்ணன் கதவை விட்டுவிட்டு மதில் ஓரமாக ஓடினார். மறுபக்கம் போய் எம்பிக் குதித்துப் பார்த்தார். மதில் உயரம். தலை எட்டவில்லை. திரிஷா பின்னாலேயே, "சார், ஓடாதீக சார்! சார், ஒண்ணு சொல்றேன் கேளுங்க!" என்று கத்திக்கொண்டு வந்தாள். அவர் காதில் வாங்காமல் வந்த வழியே கதவுக்குத் திரும்பி ஓடினார்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபோது, மேடையின் நிழலிலிருந்து ஒரு சடை துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. தனியாக. பின்னால் இருபது மீட்டருக்கு ஆளே இல்லை. நிற்கவில்லை. கையை ஊன்றவில்லை. மிச்சச் சுற்றையும் ஓடி, கடைசித் திருப்பத்தில் இன்னும் வேகம் பிடித்து, கோட்டைத் தாண்டி, அதற்கப்புறமும் நிற்கத் தெரியாததுபோல் ஓடிக்கொண்டே இருந்தது.

"என் ஆத்தா! என் தங்கம்!" என்று கத்த வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. சந்தோஷத்தில் மூச்சு அடைக்கும் என்பார்களே, அது இதுதான் போலிருக்கிறது. கம்பியைப் பிடித்தபடி அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. இருபத்தெட்டு வருடத்தில் அவர் பிள்ளை ஒன்று முதல் இடத்தில் ஓடி முடித்ததை அவர் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

பெயர்ப்பட்டியலில் முதல் பெயராகத் தன் பெயரைக் கேட்டுவிட்டு, கயல் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். மூச்சு வாங்கக்கூட இல்லை.

"எப்படி... ஆத்தா?" என்றார். வார்த்தை துண்டு துண்டாக வந்தது. "நான் பக்கத்துல... இல்லாமலே... அஞ்சாவது சுத்துல... விசில் வரலையா?"

"வரல சார்."

"இருந்தாலும்... டாக்டர் சொல்லிருக்காரு..." அவர் நீலப்பையைத் திறந்து இன்ஹேலரை எடுத்தார். "இப்பவாவது ரெண்டு இழுப்பு... இழுத்துக்க. இங்கன... யாரும் பாக்கல."

கயல் அதை வாங்கிக்கொண்டாள். குலுக்கினாள். குடுவையில் மாட்டினாள். விஜி சிஸ்டர் சொன்னதில் ஒன்றுகூடப் பிசகவில்லை. பிறகு அவர் முன்னால் மண்டியிட்டு, குடுவையை அவருடைய வாய்க்கு நேராக நீட்டினாள்.

அவர் அவளையும் குடுவையையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு... எதுக்கு?"

கயல் திரிஷாவைத் திரும்பிப் பார்த்து, முதல் தடவையாக, சரி என்று தலையை ஆட்டினாள்.

"சார், இப்பவாவது ஒண்ணு சொல்லவா?"

"சொல்லித் தொல."

"விசிலு உங்க நெஞ்சுலருந்துதான் சார் வருது, அவ நின்னாத்தான நீங்க நிப்பீகன்னு, இத்தன நாளும் அஞ்சாவது சுத்துல அவ நின்னுக்கிட்டிருந்தா."